கடலோரத் தரிசில் ஆலைச் சவுக்கு: மானியத்தை எடுத்துவிட்டால் கணக்கு நிற்குமா?

உச்சிப்புளியான்:
ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் எங்கள் ஊர். சில மாதமாக ஒரு ஏஜென்ட் வந்து போகிறார். காகித ஆலைக்குச் சவுக்கு போடச் சொல்கிறார். வீரிய ரகக் கன்று சலுகை விலையில், சொட்டுநீர்க் குழாய் அரசு மானியத்தில், மூன்றரை நாலு வருடத்தில் ஆலையே ஆள் அனுப்பி வெட்டிக்கொள்ளும், டன் கணக்கில் பணம். பட்டா நிலத்தோடு நிறுத்தியிருந்தால் பேச்சே இல்லை. ஊருக்கு வடக்கே கிடக்கும் மேய்க்கால் புறம்போக்கையும் (ஆடு மாடு மேயும் பொது நிலம்) மணல்மேட்டையும் சேர்த்துப் போட்டால் ஊராட்சிக்கும் வருமானம் என்று பேச்சு ஓடுகிறது.

ஊர் இரண்டாக நிற்கிறது. ஆடு வைத்திருப்பவர்களும் ஊற்றில் தண்ணீர் எடுக்கும் பெண்களும் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருந்துகொண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டவர்கள், சும்மா கிடப்பதற்கு ஏதாவது வரட்டுமே என்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வரும் போலிருக்கிறது.

மரம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். எனக்குப் பணக் கணக்கு வேண்டும். மானியம் எதுவுமே இல்லை என்றால் இந்தத் தோப்பு சொந்தக் காலில் நிற்குமா?

கடலூர்த் தோப்பு:
தம்பி, எங்கள் பக்கம் சவுக்கு புதுசு இல்லை. ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையில் நட ஆரம்பித்தது. அப்போது ரயில், இப்போது காகிதம். நடுவில் வீடு கட்டுகிறவன் முட்டுக்கு வாங்கினான், பந்தல்காரன் வாங்கினான், ஓட்டல்காரன் அடுப்புக்கு வாங்கினான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீட்டருக்கு ஒன்று என்று ஏக்கருக்கு 4,000 கன்று போகும். முதல் வருடம் தண்ணீர் காட்டி, களை எடுத்து, பக்கக் கிளை கழித்துவிட்டால் அப்புறம் ஆள் தேடி ஓட வேண்டியதில்லை. பெண் கல்யாணம், வீடு என்று மொத்தமாகப் பணம் தேவைப்படும்போது வெட்டலாம். விலை இறங்கினால் ஆறு மாதம் விட்டுவைக்கலாம். தக்காளி மாதிரி அழுகிவிடாது.

ஆனால் எங்களுக்கு இது ஏன் ஓடுகிறது என்று பாருங்கள். கடலூரில் வருடத்துக்கு 1,200 மி.மீ.க்கு மேல் மழை. உங்கள் மாவட்டத்தில் 800 சொச்சம், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அடுத்தது, எங்களிடம் வாங்க நாலு பேர் இருக்கிறார்கள். ஆலை ஏஜென்ட் விலையை அமுக்கினால் சவுக்குக் கம்பு வியாபாரியைக் கூப்பிடுவேன். உங்கள் ஊரில் அவரைத் தவிர வேறு யார் வாங்குவார்? அதை விசாரித்துவிட்டுக் கன்றுக்கு முன்பணம் கட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ராமநாதபுரம் டவுனில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அண்ணன் சொன்ன கடைசி வரிதான் பாதி விடை. மீதி பாதியை நான் சொல்கிறேன்.

ஏஜென்ட் சொல்லும் டன் விலை எந்த வாசலில் கிடைக்கும் விலை? பெரும்பாலும் அது ஆலை வாசல் விலை. எந்த ஆலை என்று நீங்கள் எழுதவில்லை. கரூர்ப் பக்கம் புகளூர் என்றால் இங்கிருந்து சுமார் 250 கி.மீ. ஈரோட்டை ஒட்டிய பள்ளிபாளையம் என்றால் இன்னும் தள்ளி. வெட்டுக்கூலி, பட்டை உரிக்கும் கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் கழிந்து மிஞ்சுவதுதான் தோப்பு வாசல் விலை. கடலூர்க்காரருக்கும் ஆலை தூரம்தான். ஆனால் அவர் ஏக்கருக்கு எடுக்கும் டன் அதிகம், கம்பாக விற்கும் வழியும் உண்டு. உங்களுக்கு டன்னும் குறைவு, வழியும் ஒன்றே.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. விற்பது எடைக்கு. பச்சை மரத்தில் கணிசமான பங்கு தண்ணீர். வெட்டிப் பட்டை உரித்துப் போட்டால் தினம் எடை இறங்கும், நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். வெட்டின மரம் லாரிக்காகத் தோப்பில் காத்துக் கிடந்தால் குறையும் எடை யார் தலையில் விழும்? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரியும் இருக்காது.

இப்போது மானியத்துக்கு வருவோம். கன்றுச் சலுகை கண்ணுக்குத் தெரிகிறது. அது சின்னது. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். இது எல்லாம் சாப்பாட்டுப் பயிருக்கு என்று நினைத்துக் கொடுக்கும் பணம். ஆலைச் சவுக்கை மோட்டார் வைத்து வளர்த்தால் அந்தக் குழாயும் கரண்டும் மரத்துக்குள் போய் டன் கணக்கில் ஆலைக்குப் போகிறது. ஆலை கொடுக்கும் விலையில் அந்தச் செலவு இல்லை. ஆக, மானியம் விவசாயியின் பெயரில் எழுதப்படுகிறது, அதன் பலனில் பெரிய துண்டு மரத்தின் விலைக்குள் ஒளிந்துகொண்டு வாங்குகிறவரிடம் போகிறது.

மானியம் இல்லாமல் நிற்குமா என்றால்: நல்ல தண்ணீர் இருக்கும் இடத்தில், கம்பு சந்தைக்குப் பக்கத்தில் நிற்கும். உச்சிப்புளி மணலில், ஒரே ஒரு வாங்குபவரை நம்பி நிற்காது. இதுதான் என் கணிப்பு.

ஓய்வு வனவர்:
மானியம் வாங்காத விவசாயம் எது தம்பி? நெல்லுக்கு உரமானியம் இல்லையா, கொள்முதல் விலை இல்லையா? சவுக்கு என்றதும் மட்டும் கணக்கு நோட்டை எடுக்கிறீர்கள்.

ஒரு காலத்தில் காகித ஆலைகளுக்கு மூங்கிலும் தைலமரமும் அரசுக் காட்டிலிருந்து அடிமாட்டு விலைக்குப் போனது. 1988 தேசிய வனக் கொள்கை வந்த பிறகுதான் ‘காட்டைத் தொடாதே, விவசாயியிடம் வாங்கு’ என்று திருப்பிவிட்டார்கள். ஆலையும் விவசாயியும் நேராகக் கைகோத்தது அதனால்தான். அதற்குப் பழைய நிலையே தேவலை என்பீர்களா?

சவுக்கு இந்த மண்ணுக்கு எதிரி இல்லை. வேரில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. உப்புக் காற்றைத் தாங்கும். ஆடி மாதம் மண்டபம் பக்கம் மணல் பறந்து வந்து வீட்டு வாசலை மூடுவதைப் பார்த்தவர்களுக்கு அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பின் அருமை தெரியும். சுனாமிக்குப் பிறகு உலக வங்கிப் பணத்தில் இந்தக் கரையெல்லாம் சவுக்கு நட்டது வேடிக்கைக்கு இல்லை.

பெரியபட்டினம்:
வனவர் ஐயா, அரியமானில் நிழலில் உட்கார்ந்து நானும் டீ குடித்திருக்கிறேன். அது காற்றுக்கு நட்ட தோப்பு, நின்றுகொண்டே இருக்கும். இவர்கள் கேட்பது நாலு வருடத்துக்கு ஒருமுறை மொட்டையடிக்கும் தோப்பு. மணலை அணைக்கத்தான் மரம் என்றால், மொட்டையடித்த வருடம் வரும் ஆடிக்காற்றுக்கு என்ன பதில்?

தண்ணீருக்கு வருகிறேன். கணக்குப்பிள்ளை கரண்டோடு நிறுத்திவிட்டார். கடலோர மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசு, கடல்நீர் கனம், அவ்வளவுதான் விஷயம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளிப் பிடித்திருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். அதனால்தான் எங்கள் ஊர்களில் ஆழமாக போர் போட்டவன் எல்லாம் உப்பைக் குடிக்கிறான், கையால் தோண்டிய ஊற்றில் மட்டும் இனிப்புத் தண்ணீர் சுரக்கிறது. ஏக்கருக்கு 4,000 மரம் நெருக்கி நட்டு, சொட்டுக்குழாய்க்கு மோட்டாரும் போட்டு இழுத்தால் அந்த மிதக்கும் தண்ணீர் என்ன ஆகும்?

ஊற்று கெட்டால் குடம் கணக்கில் லாரித் தண்ணீர். மரத்தால் வரும் லாபத்தில் அந்தச் செலவை யாராவது கழித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஓய்வு வனவர்:
மோட்டார் போட்டுத் தென்னைக்கு இறைப்பதை விட்டுவிட்டீர்களே காக்கா. வருடம் முழுக்க இறைக்கிறார்கள். வேர் பிடித்த சவுக்கு அந்த அளவுக்குக் கேட்காது.

பெரியபட்டினம்:
தென்னை நிழலில் ஆடு மேயும் ஐயா, மட்டை வரும், கீற்று வரும், வாரத்துக்கு வாரம் நாலு பெண்களுக்கு வேலை வரும். சவுக்குக்குள் என்ன மேயும்? ஆனாலும் தென்னைக்கு இறைப்பதும் அளவு மீறிப் போய்விட்டது, அதை மறுக்கவில்லை.

அறந்தாங்கி மாப்ள:
எங்கள் புதுக்கோட்டை மாவட்டக் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் 1974இல் தொடங்கியது. எங்கள் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தைலமரம். விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடுவது மரம் தண்ணீர் குடிக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. தோட்டத்துக்குள் விழும் மழை வெளியே ஓடாமல் இருக்க வரப்பும் குழியும் எடுக்கிறார்கள். மரத்துக்கு அது நல்லது. ஆனால் அந்த மேட்டில் விழுந்து ஓடிவரும் தண்ணீர்தான் கீழே இருக்கும் கண்மாய்க்கு வரத்து. வரத்து நின்றால் கண்மாய்ப் பாசனம் போச்சு. ஒரு தோட்டத்தின் வரவு செலவில் இது எந்தப் பக்கத்திலும் எழுதப்படாது, ஏனென்றால் நஷ்டம் விழுவது வேறு ஊர்ப் பட்டாவில்.

ராமநாதபுரம் முழுக்கவே கண்மாய் நம்பி வாழும் மாவட்டம். மேய்க்கால் புறம்போக்கில் போடப் போகிறார்கள் என்றால் அந்த மேட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் நடந்து பாருங்கள்.

கடலூர்த் தோப்பு:
மாப்ள, தைலம் வேறு சவுக்கு வேறு. தைலம் தூரிலிருந்து திரும்பத் துளிர்க்கும், வெட்ட வெட்ட வரும். சவுக்கு ஒருமுறை வெட்டினால் தூரோடு பிடுங்கிப் புதிதாக நட வேண்டும். அதாவது நாலு வருடத்துக்கு ஒருமுறை கன்றுச் செலவு, உழவுச் செலவு. முதல் சுற்றுக்குச் சலுகைக் கன்று தருகிறார்கள் சரி, இரண்டாவது சுற்றுக்கு யார் தருவார் என்று கேளுங்கள்.

சாயல்குடிக் கரி:
எல்லாரும் பெரிய பெரிய கணக்குப் போடுகிறீர்கள். மானியமே வாங்காத மரத்தொழில் ஒன்று இந்த மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. சீமைக்கருவை. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் வந்து பாருங்கள். கன்று வாங்கவில்லை, தண்ணீர் காட்டவில்லை, வேலி போடவில்லை. மூன்று நாலு வருடத்தில் வெட்டலாம், தூரிலிருந்து திரும்ப வரும். மூட்டம் போட்டுக் கரியாக்கினால் எடை குறையும், லாரி வாடகை கட்டுப்படியாகும். சென்னைக்கும் வெளிமாநிலத்துக்கும் போகிறது. மழை பொய்த்த வருடம் எங்கள் ஊர்களில் அடுப்பு எரிந்தது மூட்டத்தால்தான்.

2017இல் உயர் நீதிமன்றம் சீமைக்கருவையை வேரோடு எடுக்கச் சொன்னது, ஊர் ஊராகப் பொக்லைன் வந்தது, பிறகு அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. கண்மாயைக் கெடுப்பது உண்மை, நானே ஒத்துக்கொள்கிறேன், கண்மாய்க்குள் இருப்பதை எடுக்கட்டும். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். தானாக முளைத்து ஏழைக்குக் கூலி கொடுத்த மரத்தை அரசு காசு செலவழித்துப் பிடுங்குகிறது, அதே தரிசில் அரசு காசு செலவழித்து ஆலைக்கு மரம் நடச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. அந்த மணல்மேட்டில் பனை நிற்குமே? 2021 வேளாண் பட்ஜெட்டிலிருந்து பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். தோப்புக்கு நிலம் சமன் செய்கிறேன் என்று ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்த்துவிடப் போகிறார்கள், கவனம்.

நெறியாளர்:
சாதி பெயர் இழுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தலைப்போடு நில்லுங்கள்.

லீட்ரிம் நர்ஸ்:
பரமக்குடிக்காரி, இப்போது அயர்லாந்தில் லீட்ரிம் பக்கம் வேலை. இங்கேயும் இதே சண்டை என்பதால் எழுதுகிறேன்.

இங்கே மரம் சிட்கா ஸ்ப்ரூஸ். வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. ஈரமான, சத்தில்லாத நிலத்தில் மற்ற விவசாயம் எடுபடாது என்று அரசு இதை நடச் சொல்கிறது. நடவுச் செலவு அரசுடையது, அதற்கு மேல் வருடா வருடம் ஒரு தொகை, வருமான வரியும் கிடையாது. 2023இல் தொடங்கிய புதுத் திட்டத்தில் விவசாயிக்கு 20 வருடம் அந்தத் தொகை வரும், விவசாயி அல்லாதவருக்கு 15. திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 130 கோடி யூரோ. மரம் வெட்டுக்கு வருவது 30, 40 வருடத்தில். தொகை நின்ற பிறகு வெட்டும் வரை நடுவில் இருக்கும் வருடங்களில் கையில் பெரிதாக ஒன்றும் வராது. வெட்டின பிறகு பொதுவாகத் திரும்ப நட்டே ஆக வேண்டும், சட்டம் அப்படி. இரண்டாவது முறை நடுவதற்கு அந்த வருடாந்திரத் தொகை இல்லை. ஆக நிலம் மரத்துக்கே போய்விட்டது, தாத்தா கையெழுத்துப் போட்டால் பேரன் புல்வெளியைப் பார்க்க முடியாது.

எதிர்க்கிறவர்கள் சொல்லும் பெரிய குறை வேறு. மானியம் இருப்பதால் முதலீட்டு நிறுவனங்கள் நிலம் தேடி வருகின்றன, மாடு வளர்க்க நிலம் தேடும் இளைஞனால் அந்த விலைக்குப் போட்டி போட முடியவில்லை. 2023 ஜனவரியில் அரசு வன நிறுவனமான கொயில்ட்சே, கிரஷாம் ஹவுஸ் என்ற பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்தது தெரியவந்ததும் நாடே கொந்தளித்தது. வரிப்பணத்தில் வரும் வருடாந்திரத் தொகை முதலீட்டாளர் பாக்கெட்டுக்கா என்று டப்ளினில் ஊர்வலம் போனார்கள். எங்கள் வார்டில் படுத்திருந்த ஒரு தாத்தா, ஜன்னலைத் திறந்தால் மூன்று பக்கமும் கறுப்பாக மரம், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் இல்லை என்று புலம்புவார்.

மானியம் எத்தனை வருடம், மரம் எத்தனை வருடம், இரண்டுக்கும் நடுவில் வீட்டில் என்ன சாப்பிடுவது. இங்கே எல்லாரும் தாமதமாகக் கேட்ட கேள்வி இது.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னதில் ஒரு விஷயம் நமக்கு அப்படியே பொருந்துகிறது. நடுவதற்குக் காசு கொடுத்தால் நடுவார்கள், அவ்வளவுதான். விளைச்சலுக்கு யாரும் பொறுப்பில்லை. நம்மிடமே கொஞ்சம் புத்திசாலித்தனமான திட்டம் உண்டு. மாநில அரசின் நீடித்த நிலையான பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசம், இரண்டாம் வருடத்திலிருந்து உயிரோடு நிற்கும் கன்றுக்குத்தான் 7 ரூபாய் வீதம் மூன்று வருடம். தொகை சின்னது, ஆனால் காசு போகும் திசை சரி. வரப்பில் வேம்பும் மகாகனியும் நிற்கும், நடுவில் மிளகாய் போடலாம். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வந்திருக்கும் மாவட்டத்தில், மிளகாய் நிலத்தைக் காகிதத்துக்குக் கொடுப்பது எனக்கு ஏறவில்லை.

ஆபத்தையும் எழுதிவைக்க வேண்டும். 2018இல் கஜா போன பாதையில் சவுக்கும் தென்னையும் முந்திரியும் சாய்ந்து கிடந்தன. சாய்ந்த மரம் எல்லாம் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தால் என்ன விலை கிடைக்கும்? மூன்றாம் வருடம் புயல் வந்தால் ஏஜென்ட் வேறு மாவட்டத்தில் வாங்கிக்கொள்வார். நிலம் எங்கும் போகாது, கடனும் போகாது.

கிடைக்காரன் மகன்:
எங்கப்பா ஆட்டுக்கிடை போடுகிறவர். மேய்க்கால் பற்றி ஒரு வார்த்தை. பொது நிலத்தை ஊராட்சியே நினைத்தபடி யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது. ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கிராமப் பொது நிலங்களைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவும் போட்டிருக்கிறது. மணல்மேடு இன்னும் சிக்கல். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடுகள் முதல் வகையில், அதாவது மிகக் கடுமையான வகையில் வருகின்றன. கிராம சபையில் இந்த இரண்டையும் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் மினிட் புத்தகத்தில் ஏறாது. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனுக்கு 2சி பட்டா என்று ஒன்று உண்டு. யார் பெயரிலாவது அது ஏற்கெனவே இருக்கிறதா என்று விஏஓவிடம் கேட்டு வையுங்கள்.

கடல் பக்கம் போட நினைத்தால் ஆமையும் இருக்கிறது. தனுஷ்கோடியில் வனத்துறையே முட்டை எடுத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறது. அலை ஏறும் எல்லை வரை சவுக்கு நட்டால் ஆமை எங்கே ஏறி முட்டை போடும்?

ஓய்வு வனவர்:
கடைசிப் பதிவோடு எனக்குச் சண்டை இல்லை. மணல்மேட்டில் வேண்டாம், அலை எல்லையில் வேண்டாம். நான் பணியில் இருந்தபோதே சொன்னதுதான். பட்டாவில் நடுகிறவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

உச்சிப்புளியான்:
கிராம சபை முடிந்தது. புறம்போக்குத் தீர்மானம் எடுக்கப்படவே இல்லை. கிடைக்காரன் மகன் சொன்ன இரண்டையும் எழுதி 60 பேர் கையெழுத்தோடு கொடுத்தோம், மினிட்டில் ஏற்றிய பிறகுதான் எழுந்தோம். பெண்கள்தான் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் பாதிப் பேர் டீக்குப் போய்விட்டார்கள்.

ஏஜென்டும் வந்திருந்தார். தோப்பு வாசல் விலையை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். ‘வெட்டும் நாளில் என்ன விலையோ அது’ என்றார். குறைந்தபட்ச விலை? ‘கம்பெனியிடம் கேட்டுச் சொல்கிறேன்.’ இரண்டாம் சுற்றுக் கன்று? சிரித்தார்.

பட்டாவில் போடுகிறவர்கள் போடப் போகிறார்கள். எங்கள் சித்தப்பாவும் இரண்டு ஏக்கரில் போடுகிறார். மோட்டார் வேண்டாம், மழைக்கு வருவது வரட்டும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். தூர் எடுக்கும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு வழக்கம் என்ன?

கடலூர்த் தோப்பு:
எங்கள் பக்கம் தூர் எடுக்கிறவனுக்கே தூர் சொந்தம். விறகாக விற்றுக்கொள்வான், நாம் கூலி தர வேண்டாம். உங்கள் ஊரில் சீமைக்கருவை விறகு மலிவாகக் கிடைப்பதால் சவுக்குத் தூருக்கு ஆள் வருவானா என்பது சந்தேகம். சாயல்குடிக்காரரைக் கேளுங்கள்.

சாயல்குடிக் கரி:
வரமாட்டான். சித்தப்பாவிடம் பொக்லைன் வாடகையைச் செலவில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.